இரண்டு பத்துகள்: காட்டை அளப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பில் உலகக் காட்டுவள மதிப்பீட்டைத் தயாரிக்கும் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் அட்டவணைகளைப் புரட்டும்போதெல்லாம் 'பத்து' என்ற எண்ணில் வந்து இடறிக்கொள்கிறேன். நிலம் அரை ஹெக்டேருக்கு மேல் இருக்க வேண்டும், மரங்கள் 5 மீட்டருக்கு மேல் வளர வேண்டும், விதானம், அதாவது மேலிருந்து பார்த்தால் மரக்கிளைகளும் இலைகளும் மூடும் பரப்பு, 10 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். அப்போதுதான் அது காடு. அப்படிப்பட்ட காடு ஒரு நாட்டின் நிலப்பரப்பில் 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், அது குறைந்த காட்டுப்பரப்புள்ள நாடு. இத்தகைய நாடுகளைப் பற்றி 1999-ல் டெஹ்ரானில் நடந்த கூட்டத்துக்குப் பிறகு இந்தப் பெயர் ஐ.நா. ஆவணங்களில் நன்றாகவே ஊன்றிவிட்டது.

இந்த இரண்டு பத்தையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். ஒரு நாடு முழுக்க மரங்கள் சிதறி நிற்கின்றன, எங்கு பார்த்தாலும் விதானம் 11 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கணக்கில் அங்கே நூற்றுக்கு நூறு காடு. பக்கத்து நாட்டில் அதுவே 9 சதவீதம் என்றால் காடு பூஜ்யம். மூன்றாவது நாட்டில் நிலத்தில் 9 சதவீதம் வெயில் இறங்காத அடர்காடு, மற்றதெல்லாம் வெறும் புல்வெளி. அதுவும் 'குறைந்த' பட்டியலில்தான். மேலிருந்து பார்த்தால் மூன்று நாடுகளிலும் மரநிழல் ஏறக்குறைய ஒன்றுதான்! இரண்டாம் நாட்டு மரங்களை 'பிற மரநிலம்' என்று தனியாகக் காட்டுகிறீர்கள், சரி. ஆனால் எல்லோரும் எடுத்தாளும் அந்த ஒற்றைச் சதவீதத்தில் அது வருவதில்லை.

வறண்ட நிலங்களில்தான் இந்தச் சிக்கல் அதிகம். 2017-ல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களை உயர்தெளிவுச் செயற்கைக்கோள் படங்களில் மனிதர்களே கண்ணால் பார்த்து எண்ணியது. முந்தைய மதிப்பீடுகளைவிட வறண்ட பகுதிக் காடு 40 சதவீதத்துக்கும் மேல் கூடுதல் என்று முடிவு வந்தது. மரம் அங்கேயேதான் நின்றிருந்தது, அளவைக் கருவிக்குத்தான் தெரியவில்லை. ஹைட்டி கதை இன்னும் வேடிக்கை. அங்கே 2 சதவீதக் காடுதான் மிச்சம் என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தார்கள். 2014-ல் ஓர் ஆய்வு, உங்கள் வரையறையையே கையில் எடுத்துச் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து, சுமார் 30 சதவீதம் என்றது.

அப்புறம், காடு ஏன் குறைவு என்ற காரணம். எகிப்து, ஐஸ்லாந்து இரண்டிலும் காடு ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. எகிப்து பெரும்பாலும் பாலைவனம், மழையே இல்லாத இடத்தில் காட்டுக்கு எங்கே போவது? ஐஸ்லாந்திலோ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், மனிதர்கள் குடியேறிய காலத்தில், நிலத்தில் நாலில் ஒரு பங்கிலாவது பிர்ச் மரங்கள் இருந்திருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். கோடரியும் ஆடுகளும் மிச்சம் வைக்கவில்லை. முதல் நாட்டில் எதுவும் தொலையவில்லை, இரண்டாவது நாடு தொலைத்துவிட்டது. சதவீதத்தை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

பத்து என்ற எல்லையை மாற்றச் சொல்லவில்லை. எங்கே கோடு போட்டாலும் அதன் ஓரத்தில் யாராவது நிற்கத்தான் செய்வார்கள். அடுத்த மதிப்பீட்டில் அந்தச் சதவீதத்தின் பக்கத்திலேயே இவற்றையும் அச்சிடுங்கள்: எந்த ஆண்டில், எப்படி அளந்தது, பிழை எவ்வளவு இருக்கலாம், பிற மரநிலம் எவ்வளவு, அந்த நாட்டின் மழையும் மண்ணும் எவ்வளவு காட்டைத் தாங்கும். கடைசிக் கேள்விக்கு ஒற்றை எண் கிடைக்காது, தெரியும். வீச்சாகக் கொடுத்தாலும் போதும்.

இப்படிக்கு,
உங்கள் அட்டவணைகளை அடிக்குறிப்புவரை படிக்கும் ஒரு வாசகர்