சின்ன ஆபரேஷன்தானேன்னு சளியை மறைக்காதீங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

குழந்தைங்களுக்குப் பண்ற சின்ன ஆபரேஷன் பத்தின கட்டுரை நல்லா இருந்துச்சு, ஆனா தையல் பிரியுறது சீழ் பிடிக்கிறதுன்னு புண்ணைப் பத்தியே எழுதிட்டு மயக்க மருந்தை ஒரே வரில முடிச்சுட்டீங்க. நான் தியேட்டர் நர்ஸ். ஹெர்னியா, டான்சில் மாதிரி கேஸ்ல எங்களைப் பதற வைக்கிறது பெரும்பாலும் வெட்டின இடம் இல்ல, மூச்சுதான்.

டாக்டர் வர்றதுக்குள்ள பிள்ளையோட மூக்கை அவசரமா துடைச்சு விடுற அம்மாக்களை நிறைய பாத்திருக்கேன். சளின்னு சொன்னா தேதி தள்ளிப்போயிடும், லீவு போட்டது வீணாயிடும்னு பயம், புரியுது. ஆனா மூக்கு ஒழுகுறது நின்ன பிறகும் மூச்சுக்குழாய் 2 வாரம், சில பிள்ளைங்களுக்கு 6 வாரம்கூட எரிச்சலோடவே இருக்கும், மயக்கத்துல மூச்சுக்காகத் தொண்டைக்குள்ள விடுற குழாயை வைக்கும்போதோ எடுக்கும்போதோ தொண்டை கப்புனு இறுகிக்கும், ஆக்சிஜன் மளமளன்னு இறங்கும். வயசு குறையக் குறைய இந்த ஆபத்து ஜாஸ்தி. வீசிங் இருந்தாலும், வீட்ல யாராவது சிகரெட் பிடிச்சாலும் அப்படித்தான் (மாடில போய்தான் பிடிக்கிறேன்னு அப்பாக்கள் சொல்றது தனிக் கதை). இத்தனைக்கும் காய்ச்சல் இல்லாம லேசா மூக்கு ஒழுகினா பல நேரம் தள்ளிப்போடவும் மாட்டாங்க, மருந்தையும் முறையையும் மாத்தி ஜாக்கிரதையா பண்ணுவாங்க, அதுக்கு முதல்ல விஷயம் தெரியணும்ல?

குறைமாசத்துல பிறந்த குழந்தைன்னா அதையும் சொல்லணும், கர்ப்ப காலத்தையும் சேர்த்து 60 வாரம் ஆகாத குழந்தைக்கு மயக்கம் தெளிஞ்ச பிறகும் மூச்சு விட்டுவிட்டு நிக்கலாம், அதனாலதான் ராத்திரி வச்சுப் பாக்கறது, பில் ஏத்த இல்ல. தூக்கத்துல குறட்டை விட்டு மூச்சு திணறுற பிள்ளைக்கும் இதே கவனம் வேணும். வீட்ல மிச்சம் கிடக்கற கோடீன் (மூச்சை மந்தமாக்கக்கூடிய மருந்து) கலந்த இருமல் மருந்தை 12 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைக்குக் குடுத்துடாதீங்க, டான்சில் எடுத்த பிள்ளைன்னா இன்னும் மோசம்.

டான்சில்ல ரத்தக்கசிவு முதல் 24 மணி நேரத்துல வரலாம், 5ல இருந்து 10 நாளுக்குள்ளயும் வரலாம், வீட்டுக்குப் போய் எல்லாரும் மறந்திருக்கற நேரம் அது. பிள்ளை சும்மா சும்மா எச்சில் முழுங்கிட்டே இருந்தா ரத்தத்தை முழுங்குதோன்னு சந்தேகப்பட்டு உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க.

அடுத்த இதழ்ல மயக்க டாக்டர் ஒருத்தர்கிட்ட கேட்டு, அவர்கிட்ட என்னென்ன சொல்லணும்னு ஒரு பெட்டிச் செய்தியாவது போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி