வற்றல் தின்றான்

உதகை,
ஞாயிறு இரவு

அன்புள்ள பங்காளிக்கு,

பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு ஆடி பிறந்த பிறகு பதில் எழுதுகிறேன். திட்டுவதாக இருந்தால் நேரில் வந்து திட்டு, கேட்டுக்கொள்கிறேன். அம்மாவுக்கு முட்டி வலி தேவலை. பெரியவள் பத்தாவது. நெட்டையன் மேட்டுப்பாளையத்துக்கே திரும்பிவிட்டான், அதே ஸ்கூட்டரோடு. இங்கே மூன்று நாளாக மழை விடவில்லை. துணியெல்லாம் அடுப்படியில் தொங்குகிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கீழ்வீட்டு அக்காவை உனக்குத் தெரியும். கேரட் தோட்டத்து வேலைக்குப் போகிறவர், நீ வந்தபோது கீரை கொடுத்தாரே, அவர்தான். இரண்டு மாதமாக மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று சொல்லி இரத்தம் கொடுத்துப் பார்த்திருக்கிறார். சீட்டை என்னிடம் காட்டினார். ஹீமோகுளோபின் 12.3. பக்கத்தில் 'நார்மல்' என்று அச்சாகியிருந்தது. "ஒண்ணுமில்லையாம் தம்பி, நான்தான் சும்மா பயந்துட்டேன்" என்றார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12.0க்குக் கீழே போனால் இரத்தச்சோகை என்பது கடல் மட்டத்துக்கான எல்லை. நாம் இருப்பது 2,200 மீட்டருக்கு மேலே. காற்றில் ஆக்சிஜன் குறைவதால் மலையில் வாழ்கிறவர் உடம்பு ஹீமோகுளோபினைக் கூடுதலாகச் செய்துகொள்ளும். அதனால் 2,000 மீட்டருக்கு 0.8 கழித்துவிட்டுப் பார்க்கச் சொன்னது உலக சுகாதார நிறுவனத்தின் 2011 அட்டவணை. கழித்தால் அக்காவுக்கு 11.5. மறுநாளே டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவரும் அதையே சொல்லி இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். 2024இல் அந்த அட்டவணையையும் திருத்திவிட்டார்கள். இப்போது 500 மீட்டரிலிருந்தே கழிக்க வேண்டும். அக்காவின் இரத்தம் அதேதான். மாறியது நம் எல்லைக்கோடு.

பங்காளி, அந்தச் சீட்டில் இருந்த ஒரு சொல்தான் இப்போது என் வேலை. மருத்துவ ஆராய்ச்சியில் புழங்கும் சொற்களைக் கணினிக்குப் புரிகிற மாதிரி வகை பிரித்து அடுக்குகிறோம். ஆன்டாலஜி என்று பெயர். செல், நோய், ஊசி, மாதிரி இதெல்லாம் பிரச்சினையே இல்லை, தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். புள்ளியியல் சொற்கள்தான் உயிரை வாங்குகின்றன. 'நார்மல்' என்றால் நோயில்லாதவர் என்று ஒரு பொருள். ஆரோக்கியமானவர்களில் நடுவிலுள்ள 95 சதவீதம் பேரின் அளவு எதற்குள் அடங்குகிறதோ அந்த வீச்சு என்று இன்னொன்று. அப்படிப் பார்த்தால் நூறு ஆரோக்கியமானவர்களில் ஐந்து பேர் அதற்கு வெளியே நிற்பார்கள். மணி வடிவ வளைகோட்டுக்கும் அதே பெயர். மூன்றையும் ஒரே பெட்டியில் போட்டால் கீழ்வீட்டு அக்கா மாதிரி ஒருவர் தப்பான பெட்டிக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறார்.

போன வாரம் 'சராசரி'யில் மாட்டிக்கொண்டேன். எங்கள் அடுக்கின் வேர் பி.எஃப்.ஓ. என்ற அடிப்படை அமைப்பு, 2021இல் ஐ.எஸ்.ஓ. தரமாகவே ஆனது. அதில் முதல் பிரிவே கறாரானது: காலத்தில் நிலைத்து நிற்பவை ஒரு பக்கம், காலத்தில் நிகழ்பவை மறுபக்கம். ஒரே பொருள் இரண்டிலும் இருக்கக் கூடாது. எங்கள் பட்டியலில் ஒருவர் சராசரியைக் கணக்கிடும் செயலுக்குக் கீழே வைத்திருந்தார், இன்னொருவர் தரவுக்குக் கீழே வைத்திருந்தார். இரண்டையும் சேர்த்துச் சரிபார்ப்பு நிரலை ஓடவிட்டேன். திரையில் 'சராசரி' என்ற சொல் மட்டும் சிவப்பாகி, 'நத்திங்' என்பதற்குக் கீழே போய் விழுந்தது. அப்படி ஒன்று இருக்கவே முடியாது என்று அர்த்தம்.

அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நம் தமிழய்யா குரல் கேட்டது, சத்தியமாக. "வற்றல் தின்றான். எப்படிடா தின்பான்? வற்றுவது தொழில் அல்லவா?" என்று உன்னை எழுப்பிவிட்டுக் கேட்டாரே. நீ "எண்ணெயில் பொரித்து" என்று சொல்லி வெளியே நின்றாயே! தொழிலாகுபெயர். தொழிலின் பெயர் அந்தத் தொழிலால் கிடைத்த பொருளுக்கு ஆகி வருவது. எங்கள் சிக்கலும் அச்சு அசல் அதுதான். கூட்டி வகுப்பதும் சராசரி, வகுத்துக் கிடைத்த எண்ணும் சராசரி. ஓ.பி.ஐ. என்ற மருத்துவ ஆய்வு ஆன்டாலஜியில் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறார்கள்: கணக்கிடுவது தரவை மாற்றும் செயல், கிடைத்தது தரவு, அந்தச் செயலின் விளைவு இந்தத் தரவு என்று இடையில் ஒரு தொடர்பு. நான் அதையே பின்பற்றினேன், சிவப்பு போய்விட்டது.

ஆனால் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. நீலகிரியில் இருக்கிற எல்லாப் பெண்களின் ஹீமோகுளோபினுக்கும் ஒரு உண்மைச் சராசரி இருக்கத்தானே வேண்டும்? அதை யாரும் கணக்கிட்டதில்லை, அதனால் அது செயலின் விளைவு இல்லை. எங்கும் எழுதப்படவும் இல்லை, அதனால் தரவும் இல்லை. தனி ஆள் யாருடைய இரத்தத்திலும் அது கிடையாது. அப்படியானால் எங்கே இருக்கிறது? அது கூட்டத்தின் பண்பு என்பது என் கட்சி. சோலைக்காட்டின் அடர்த்தி எந்த மரத்தில் இருக்கிறது? காட்டில்தான் இருக்கிறது. குழுவில் பாதிப் பேர் ஒத்துக்கொள்ளவில்லை.

எந்தக் கூட்டம் என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் சராசரியை உள்ளே விடக் கூடாது என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்துபோகும் பரம்பரை நோயான சிக்கிள்செல் இந்தியாவில் முதலில் பதிவானதே இந்த மலையில்தான், 1952இல், லேமனும் கட்புஷும் பழங்குடி மக்களிடம் கண்டது. கூடலூர்ப் பக்கத்தில் அந்த நோய் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் கலந்து ஒரு சராசரி எடுத்தால், அந்த எண் யாரைப் பற்றிப் பேசும்? இரண்டு தரப்பையும் பற்றிப் பேசாது. அதை நம்பி ஒரு முகாமுக்கு மாத்திரை அனுப்புவார்கள், பங்காளி. அதை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

உன்னிடம் ஒரு உதவி. தமிழ்ப் பெயர்களும் சேர்க்கிறோம். செயலுக்குச் 'சராசரி காணல்', எண்ணுக்குச் 'சராசரி மதிப்பு' என்று வைத்திருக்கிறேன். யாரும் கணக்கிடாத அந்த மூன்றாவதுக்கு ஒரு பெயர் வேண்டும். நன்னூலை எடுத்துவைத்து யோசித்துச் சொல். இதற்கும் பொங்கல் வரை காத்திருக்க வைக்காதே.

அக்காவுக்கு வரும் 20ஆம் தேதி மறுபடி இரத்தம் எடுக்கிறார்கள். நேற்று மேட்டுக் கடை வரை நிற்காமல் ஏறினாராம்.

அன்புடன்,
உன் பங்காளி