கேபிள்காரன் கண்ணில் ரக்பி

அம்மாப்பேட்டை, சேலம்
தை, 2026

அன்புள்ள இளங்கோ,

பொங்கலன்று நீ அனுப்பிய மின்னஞ்சலை இரண்டு முறை படித்தேன். போனில் பிடித்தால் ஆக்லாந்து மழையைப் பற்றியே அரை மணி நேரம் பேசுகிறவன், எழுத உட்கார்ந்தால்தான் உருப்படியாக ஏதாவது சொல்கிறாய். அதனால் நானும் எழுதியே பதில் சொல்கிறேன்.

முதலில் ஊர்ச் சமாச்சாரம். உன் சித்தப்பா நன்றாக இருக்கிறார். நாகலூர் தோட்டத்தில் காபிப் பழம் பறிப்பு முடியும் தறுவாயில் இருக்கிறது. விலை பரவாயில்லை, ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடு என்று புலம்புகிறார். மலையை விட்டுக் கீழே வந்து எங்களோடு இருங்கள் என்றால் மட்டும், இருபது கொண்டை ஊசி வளைவுக்கு இந்தப் பக்கம் தனக்குத் தூக்கம் வராது என்கிறார். என் தொழிலை மகன் பார்த்துக்கொள்கிறான். கேபிள் இணைப்பு பாதிக்கு மேல் போய்விட்டது. அதே கம்பத்தில் இப்போது இன்டர்நெட் ஃபைபர் ஓடுகிறது, பில் போடுவது மட்டும் மாறவில்லை.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். “ப்ளூஸ் ஆட்டத்துக்குப் போனால் பாதி நாற்காலி காலி. ஸ்கைக்குக் காசு கட்டியே அலுத்துவிட்டது. ரக்பி இன்னும் பத்து வருஷம் தாங்குமா? நீ கேபிள்காரன், நீ சொல்” என்று எழுதியிருந்தாய். ப்ளூஸ் உன் ஆக்லாந்து அணி, ஸ்கை நியூசிலாந்தில் காசு கட்டிப் பார்க்கும் டிவி என்பதற்கு மேல் ரக்பியைப் பற்றிச் சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? ஆனால் ஒளிபரப்பு உரிமை என்றால் சொல்லலாம். அந்தக் கோடிகளெல்லாம் கடைசியில் என்னைப் போன்றவன் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி வசூலித்த காசுதானே. அதை அடியிலிருந்து பார்த்தவன் நான்.

இந்த விளையாட்டு காசைக் கண்டு எவ்வளவு காலம் பயந்தது என்பதே ஒரு கதை. இங்கிலாந்தின் வடக்கே சுரங்கத்திலும் மில்லிலும் வேலை பார்த்தவர்கள், சனிக்கிழமை ஆட்டத்துக்கு வந்தால் கூலி போகிறது, அதையாவது ஈடுகட்டுங்கள் என்று கேட்டார்கள். மேல்தட்டு ஆட்கள் முடியாது என்றார்கள். 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டில் ஓர் ஓட்டலில் கூடிப் பிரிந்து போனார்கள். அதுதான் இன்றைய ரக்பி லீக். தறியில் ஒரு நாள் உட்காராவிட்டால் என்ன ஆகும் என்று அம்மாப்பேட்டையில் வளர்ந்த உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பிரியாமல் நின்ற ரக்பி யூனியன், சம்பளம் கொடுக்கலாம் என்று வாய்விட்டுச் சொல்ல 1995 ஆகஸ்ட் வரை ஆனது. கிட்டத்தட்ட முழுசாக நூறு வருஷம்.

அதுவும் மனம் மாறிச் சொன்னதில்லை, டிவி சொல்ல வைத்தது. அந்த ஜூனில், தென்னாப்பிரிக்காவில் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள், நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா மூன்றும் டிவி முதலாளி ரூபர்ட் முர்டாக்கின் நிறுவனத்தோடு பத்து வருஷத்துக்கு 555 மில்லியன் டாலருக்கு ஒப்பந்தம் போட்டன. அதே நேரத்தில் இன்னொரு பக்கம் ஆஸ்திரேலிய டிவி முதலாளி கெர்ரி பாக்கரின் பணத்தை நம்பி ஒரு கூட்டம் வீரர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தது. 1977-ல் கிரிக்கெட்டைக் கலக்கிய அதே பாக்கர்தான். தென்னாப்பிரிக்க வீரர்கள் பின்வாங்கியதும் அது சரிந்தது. ஆக, தொழில்முறை ரக்பி பிறக்கும்போதே இரண்டு டிவி முதலாளிகளுக்கு நடுவில்தான் பிறந்தது. இப்போது “டிவி வந்து கெடுத்துவிட்டது” என்று நீ அழுவதில் அர்த்தமில்லை.

டிவிக்காரன் எதற்குக் காசு கொடுக்கிறான் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நான் தொழில் நடத்திய காலம் முழுக்க ஒன்று கவனித்திருக்கிறேன். ஐபிஎல் மாதத்தில் ஸ்போர்ட்ஸ் சேனல் வரவில்லையென்றால் இரவு பதினொரு மணிக்கும் போன் வரும். அது முடிந்த மறுநாள் அதே சேனல் நின்றால் ஒருத்தருக்கும் தெரியாது. 2019-ல் கேபிள் கட்டணத்தை ஒழுங்குபடுத்தும் டிராயின் விதி மாறி, சேனலைத் தனித்தனியாக எடுக்கலாம், தொகுப்பில் சேர்க்கும் சேனல் 19 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று வந்தபோது, ஸ்போர்ட்ஸ் சேனலை மாதாமாதம் போட்டும் எடுத்தும் விளையாடியவர்கள் எங்கள் தெருவிலேயே ஏராளம். மக்கள் விளையாட்டை வாங்குவதில்லை இளங்கோ, ஊரே ஒன்றாக உட்காரும் சில இரவுகளை வாங்குகிறார்கள்.

ரக்பியில் அந்த இரவுகள் நாட்டு அணிகளிடம்தான் இருக்கின்றன. இங்கிலாந்து, பிரான்ஸ் உட்பட ஐரோப்பாவின் ஆறு நாட்டு அணிகள் வருஷந்தோறும் ஆடும் ஆறு நாடுகள் போட்டி, நியூசிலாந்து நாட்டு அணியான ஆல் பிளாக்ஸ் மற்ற நாடுகளோடு ஆடும் டெஸ்ட், உலகக் கோப்பை, அவ்வளவுதான். கிளப் ஆட்டங்கள் வருஷம் முழுக்க ஓடுகின்றன. வீரனுக்கு மாதச் சம்பளம் கொடுப்பது பெரும்பாலும் கிளப். வருமானம் ஓர் இடம், செலவு வேறிடம். இங்கிலாந்தில் 2022-ல் வூஸ்டர், வாஸ்ப்ஸ் என்ற இரண்டு கிளப்புகள் கடனில் கவிழ்ந்தன, அடுத்த வருஷம் லண்டன் ஐரிஷ். வாஸ்ப்ஸ் இரண்டு முறை ஐரோப்பியக் கோப்பையை வென்ற கிளப், நேற்றுப் பெய்த மழையில் முளைத்ததல்ல. ஆஸ்திரேலியாவில் 2024-ல் மெல்பர்ன் ரெபெல்ஸ் போனது. இது இன்னும் முடியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

பிரான்ஸ் மட்டும் விதிவிலக்கு. அங்கே டாப் 14 என்ற கிளப் லீக்குக்கு கனால் பிளஸ் என்ற டிவி நிறுவனம் வருஷத்துக்கு நூறு மில்லியன் யூரோவுக்கு மேல் கொடுக்கிறது. காரணம் எளிது: துலூஸ், கிளெர்மோன், லா ரொஷெல் மாதிரி ஊர்களில் கிளப்தான் ஊர்ப் பெருமை, நாட்டு அணிக்காக அவர்கள் காத்திருப்பதில்லை. அந்தக் கனால் பிளஸ்தான் போன வருஷம் ஆப்பிரிக்காவின் டிவி நிறுவனமான மல்டிசாய்ஸை வாங்கியது. அதாவது தென்னாப்பிரிக்க ரக்பியைக் காட்டும் சூப்பர்ஸ்போர்ட்டும் இப்போது ஒரே முதலாளி கையில்.

ப்ளூஸ் ஆடும் உன் சூப்பர் ரக்பி லீக் வாடிப்போனதற்கும் மூலம் அங்கேதான். தென்னாப்பிரிக்க அணிகள் 2021-ல் ஐரோப்பியப் பக்கம் போய்விட்டன. ஜோகன்னஸ்பர்க் கடிகாரமும் ஐரோப்பாக் கடிகாரமும் ஏறக்குறைய ஒன்று. ஆக்லாந்தில் மாலையில் நடக்கும் ஆட்டத்தைப் பார்க்க அவர்கள் காலையிலேயே டிவி முன் உட்கார வேண்டியிருந்தது. பணம் எந்த நேரத்தில் விழித்திருக்கிறதோ அந்த நேரத்துக்கு அணியும் போகும். நியூசிலாந்து உலகத்திலேயே நன்றாக ரக்பி ஆடும் நாடாக இருக்கலாம். ஆனால் ஐம்பது லட்சம் பேர்தான், அதுவும் ஐரோப்பாவில் காலையாக இருக்கும்போது ஆடுகிறவர்கள். ஒளிபரப்புச் சந்தையில் இது பெரிய குறை.

அடுத்தது முதலீட்டுக் கம்பெனிகள். சிவிசி என்ற ஒரே நிறுவனம் 2018-ல் இங்கிலாந்தின் கிளப் லீக்கான பிரீமியர்ஷிப்பில் 27 சதவீதம், பிறகு தென்னாப்பிரிக்க அணிகள் போய்ச் சேர்ந்த, இன்று யுஆர்சி என்கிற லீக்கில் 28 சதவீதம், 2021-ல் ஆறு நாடுகள் போட்டியில் ஏழில் ஒரு பங்கு என்று வாங்கிக்கொண்டே போனது. கடைசியதற்கு மட்டும் 365 மில்லியன் பவுண்டு. இதைப் படித்தபோது அயோத்தியாப்பட்டணத்தில் இருந்த உங்கள் மாந்தோப்பு ஞாபகம் வந்தது. உன் தாத்தா பூவிலேயே குத்தகைக்கு விட்டார், பெரிய தொகை ஒரே கையாக வந்தது, கல்யாணம் நடந்தது, குத்தகைக்காரன் உரமும் போடவில்லை, கவாத்தும் பண்ணவில்லை. அது சில வருஷத்தில் முடிந்து தோப்பாவது திரும்பி வந்தது. இவர்கள் விற்றது பங்கு. சிவிசி வேறு யாருக்காவது விற்றுவிட்டுப் போகலாம், யூனியனிடம், அதாவது நாட்டு ரக்பி வாரியத்திடம், தானாகத் திரும்பி வராது. வந்த பணமோ அந்தந்த வருஷச் சம்பளத்திலேயே கரைந்தது.

உங்கள் ஊர்க்காரர்கள் கொஞ்சம் விழிப்பு. சில்வர் லேக் என்ற அமெரிக்க முதலீட்டுக் கம்பெனி 2021-ல் நியூசிலாந்து ரக்பியில் எட்டில் ஒரு பங்கு கேட்டு வந்தபோது வீரர்கள் சங்கம் குறுக்கே நின்றது. கடைசியில் 2022-ல் 200 மில்லியன் நியூசிலாந்து டாலருக்கு அதைவிடச் சிறிய பங்கோடு முடிந்தது. வீரர்கள் தடுத்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த செய்தி. நம் கிரிக்கெட்டில் வீரர்கள் சங்கம் ஒரு வியாபாரத்தை நிறுத்தியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

நீ சொல்லும் தீர்வு, “எல்லாவற்றையும் இலவசமாகக் காட்டட்டும்”. இதில் பாதிதான் ஒத்துக்கொள்வேன். கழுத்தெலும்பை அடகு வைத்து ஆடுகிறவனுக்குச் சம்பளம் யார் கொடுப்பது? நூறு வருஷம் கெளரவம் பேசி அவனைச் சும்மா ஆட வைத்தவர்களை மறந்துவிடாதே. இலவசம் என்பது யாராவது ஒருவர் கட்டுவதுதான், வரியோ விளம்பரமோ. எங்களுக்கே 2007-ல் சட்டம் வந்தது, முக்கியமான ஆட்டத்தின் சிக்னலைப் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும் என்று. அதனால் நம் ஊரில் ஆன்டெனா வைத்த வீட்டிலும் இந்தியா ஆடும் ஆட்டம் தெரிந்தது. ஆனால் அந்தச் சட்டம் கிரிக்கெட்டைத் தவிர வேறு எதையும் வளர்த்ததாகச் சொல்ல முடியாது.

மீதிப் பாதியில் நீ சொல்வது ரொம்பச் சரி, அதைத்தான் அழுத்திச் சொல்ல வருகிறேன். காசு கட்டுகிறவன் ஏற்கெனவே ரசிகன். கட்டாத வீட்டுப் பையன்தான் அடுத்த ரசிகன். அவன் தேடிப்போய்ப் பார்க்க மாட்டான், வேறு எதையோ பார்க்க டிவியைப் போட்டபோது தற்செயலாகக் கண்ணில் பட வேண்டும். நாம் எப்படிப் பார்த்தோம்? என் கன்ட்ரோல் ரூமில் டிஷ்ஷைத் திருப்பிச் சிக்னல் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு மலை மாதிரி ஆள் நாலு பேரை இழுத்துக்கொண்டு ஓடினான். அவன் நியூசிலாந்தின் ஜோனா லோமு என்று பெயர் தெரியவே ஒரு வாரம் ஆனது. அன்றைக்கு அந்தச் சேனல் பூட்டியிருந்தால் உனக்கு ஆக்லாந்து என்ற பேரே பிடித்திருக்காது.

இங்கிலாந்து கிரிக்கெட் இதை அனுபவித்துத் தெரிந்துகொண்டது. 2005 ஆஷஸ் எல்லோருக்கும் கிடைக்கும் சேனல் 4-ல் வந்தது, நாடே பார்த்தது. அடுத்த வருஷத்திலிருந்து மொத்தமும் காசு கட்டிப் பார்க்கும் அந்த ஊர் ஸ்கைக்குப் போனது. வாரியத்துக்குப் பணம் கொட்டியது, ஆனால் 2019 உலகக் கோப்பை இறுதியை மறுபடி இலவசமாகக் காட்ட வேண்டிய நிலை வந்தது. அதைப் பார்த்தோ என்னவோ, ஆறு நாடுகள் போட்டியை இந்த வருஷத்திலிருந்து 2029 வரை பிரிட்டனில் இலவசமாகக் கிடைக்கும் ஐடிவி, பிபிசி இரண்டிடமே கொடுத்திருக்கிறார்கள். வருஷத்துக்குப் பத்து ஆட்டம் ஐடிவி, ஐந்து பிபிசி. போன செப்டம்பரில் பெண்கள் உலகக் கோப்பை இறுதிக்கு ட்விக்கன்ஹாமில் 81,885 பேர். பெண்கள் ரக்பிக்கு இதுவரை இல்லாத கூட்டம். அந்தப் போட்டியும் பிபிசியில் இலவசம்தான்.

ஒளிபரப்பு உரிமை ஏலத்தைப் பற்றி இன்னொரு சங்கதியும் இருக்கிறது. ஐபிஎல் 2023 முதல் 2027 வரை 48,390 கோடிக்குப் போனது ஏன்? ஸ்டாரும் வயாகாமும் மல்லுக்கட்டியதால். அந்த இரண்டும் 2024 நவம்பரில் ஒன்றாகிவிட்டன. அடுத்த ஏலத்தில் கை தூக்க எத்தனை பேர் இருப்பார்கள்? கேட்கிறவன் குறைந்தால் கிரிக்கெட்டுக்கே விலை இறங்கும், ரக்பி எம்மாத்திரம்.

ஆர்360 என்ற புது ரக்பி லீக்கைப் பற்றிக் கேட்டிருந்தாய். உலகம் சுற்றும் லீக், பெரிய சம்பளம் என்று முன்னாள் இங்கிலாந்து வீரர் மைக் டிண்டாலின் கூட்டம் கிளம்பியது. அதில் சேர்ந்தால் நாட்டு அணியில் இடமில்லை என்று எட்டு யூனியன்கள் கூட்டாக அறிக்கை விட்டன, தொடக்கம் 2028-க்குத் தள்ளிப்போனது. எனக்கு நம்பிக்கையில்லை. ஊரில்லாத அணிக்கு ஊர்க்காரன் எங்கிருந்து வருவான்?

என் ஊகம் இதுதான், தப்பானால் திட்டிக்கொள். நாட்டு அணிகள் ஆடுவதுதான் வியாபாரம் என்று வெளிப்படையாகவே ஆகிவிடும். இந்த ஜூலையில் பன்னிரண்டு நாடுகளோடு தொடங்கும் நேஷன்ஸ் சாம்பியன்ஷிப் அதற்கான கடைதான். ஆல் பிளாக்ஸ் இந்த வருஷம் தென்னாப்பிரிக்காவுக்குப் பழைய பாணியில் நீண்ட சுற்றுப்பயணம் போவதும் அதே கணக்கு. கிளப்புகள் குறையும், மிஞ்சுவது பிரான்ஸிலும், பணக்கார முதலாளி இருக்கும் இடத்திலும். போன வருஷம் இங்கிலாந்தின் நியூகாசில் கிளப்பை ரெட் புல் வாங்கியதைப் பார்த்திருப்பாய்.

நம்மூரையும் சொல்லிவிடுகிறேன். போன ஜூனில் மும்பையில் ரக்பி பிரீமியர் லீக் என்று ஆறு அணி வைத்து ஏழு பேர் ஆட்டம் நடத்தினார்கள். சென்னை புல்ஸ் இறுதியில் டெல்லியை 41-0 என்று துவைத்தது. ஸ்டார் ஸ்போர்ட்ஸிலும் ஹாட்ஸ்டாரிலும் வந்தது. சென்னை ஜெயித்தது சென்னைக்கே தெரியாது என்று கிண்டல் செய்யாதே; பக்கத்து வீட்டுப் பையன் இரண்டு ஆட்டம் பார்த்துவிட்டு, “அண்ணா, இது கபடி மாதிரி இல்ல, ஆனா கபடிக்காரன் ஆடலாம்” என்றான். வாழப்பாடிப் பக்கம் கபடி ஆடும் பையன்களின் தொடையைப் பார்த்தால் அவன் சொன்னது எனக்கும் தோன்றுகிறது. ஆனால் அவர்கள் ஆட ஒரு பந்து வேண்டும், பந்துக்கு முன்னால் அவர்கள் வீட்டில் அது தெரிய வேண்டும். புரோ கபடி 2014-ல் தொடங்கிய உடனே ஊர் ஊராகப் பரவியதற்கு அது பார்க்கக் கிடைத்ததும் ஒரு காரணம்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன், விசாரித்து எழுது. உன் தெருப் பூங்காவில் பள்ளிப் பிள்ளைகள் இப்போது என்ன ஆடுகிறார்கள்? ரக்பியா, பாஸ்கெட்பாலா? காலி நாற்காலியைவிட எனக்கு அந்தக் கணக்குதான் வேண்டும்.

மே மாதம் வருவதாக இருந்தால் ஏற்காடு கோடை விழாவுக்கு முன்னாலேயே வந்துவிடு. விழா நேரத்தில் மலைப்பாதையில் கார் நகராது, சித்தப்பாவும் எரிந்து விழுவார். வரும்போது ஸ்கை பில்லையும் கொண்டு வா, எங்கள் வாடிக்கையாளர்களிடம் காட்டுகிறேன். மாதம் முந்நூறு ரூபாய்க்கு என்னோடு சண்டை போடுகிறவர்கள் கொஞ்சம் அடங்குவார்கள்.

அன்புடன்,
முருகேசன்