கெண்டைக்கால் வீங்கினால்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. உன் மகளுக்கு லூபஸ், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய், என்று படித்ததிலிருந்து எனக்கு வேலையே ஓடவில்லை. மூட்டு வலி, கன்னத்துச் சிவப்பு, வெயில் ஆகாதது எல்லாம் எழுதியிருக்கிறாய். ரத்தம் உறைவது பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. உங்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது, அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

என் தங்கைக்கு ஆறு வருடமாக லூபஸ் என்பது உனக்குத் தெரியும். போன ஆடியில் அவளுக்கு இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கியது, தொட்டால் சுட்டது. சதைப்பிடிப்பு என்று நினைத்து நானே நல்லெண்ணெய் காய்ச்சி உருவிவிட்டேன். அப்படி உருவவே கூடாதாம். இன்றைக்கும் நினைத்தால் கை நடுங்குகிறது. மூன்றாம் நாள் மாடி ஏறும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது, நெஞ்சில் குத்தியது. ஸ்கேன் எடுத்தால், காலின் உள்ளே இருக்கும் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து, அதில் ஒரு துண்டு பிய்ந்து நுரையீரலுக்குப் போயிருந்தது. அன்றைக்கே ஓடியதால் பிழைத்தாள்.

காரணம், ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடி. ரத்தம் உறைவதைத் தூண்டிவிடும் ஒரு எதிர்ப்புப் பொருள் அது. லூபஸ் உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது இருக்குமாம். இருக்கிற எல்லோருக்கும் ரத்தம் உறைந்துவிடாது. இதில் ஒரு வகைக்கு லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் என்று பெயர். ரத்தம் உறையாமல் தடுப்பது என்று அர்த்தம் வருகிறது, பார். பரிசோதனைக் குழாயில் தாமதமாகத்தான் உறைகிறது; உடம்புக்குள் நேர்மாறு. 1983-ல் லண்டனில் கிரஹாம் ஹியூஸ் என்ற மருத்துவரின் குழு, இந்த ஆன்டிபாடியால் ரத்தம் உறைவதைத் தனி நோயாகவே விவரித்திருக்கிறது.

தங்கைக்கு நான்காம் மாதத்தில் இரண்டு முறை கரு கலைந்தது உனக்கு நினைவிருக்கும். ராசி இல்லாதவள் என்று காது படவே பேசினார்கள். அதுவும் இந்த ஆன்டிபாடியால்தான் இருக்கும் என்று டாக்டர் சொன்னபோது, அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். முன்பே தெரிந்திருந்தால் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் ஊசியும் குறைந்த அளவு ஆஸ்பிரினும் கொடுத்துப் பார்த்திருக்கலாமாம். எனக்கு இதுதான் ஆறவே மாட்டேன் என்கிறது.

இப்போது ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறாள். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்க வேண்டும். கீரையே ஆகாது என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்தினார்கள். அப்படியெல்லாம் இல்லை, வாராவாரம் ஒரே அளவாகச் சாப்பிட்டால் சரி. வலி மாத்திரையைத்தான் கேட்காமல் போடக்கூடாது.

லூபஸுக்குக் கொடுக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையை உன் மகள் நடுவில் நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள். ரத்தம் உறையும் ஆபத்தை அதுவும் குறைக்கிறது. என் தங்கை நான்கு மாதம் நிறுத்தி வைத்திருந்தாள். அப்புறம், கல்யாணம், கோயில் என்று மாதவிலக்கைத் தள்ளிப்போட மெடிக்கலில் மாத்திரை வாங்குவோமே, அதை டாக்டரைக் கேட்காமல் உன் மகள் தொடவே வேண்டாம்.

உன் மகளுடைய ரிப்போர்ட்டில் இந்த ஆன்டிபாடிக்கான பரிசோதனைகள், அதாவது லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், கார்டியோலிப்பின், பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன் என்ற மூன்று பெயரும் இருக்கிறதா பார். இல்லையென்றால் அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் கேள். பாசிட்டிவ் என்று வந்தாலும் பதறாதே, 12 வாரம் கழித்து மறுபடி பார்த்துத்தான் உறுதி செய்வார்கள்.

தங்கை உன் மகளோடு பேச ஆசைப்படுகிறாள். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் போன் செய்யச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி