ஷூவுக்குத் திறந்த கதவு

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள மல்லிகா,

எட்டு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை, தப்புதான். உன் முட்டிவலி தேவலையா? அண்ணன் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருக்கிறாரா, இல்லை இன்னும் அலமாரிக்குப் பின்னால் அதிரசம் இருக்கிறதா? இங்கே எல்லோரும் சுகம், வெயிலைத் தவிர.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கவிதா ஏமாந்துவிட்டாள். பிரிட்டனுக்கு நர்ஸ் வேலைக்குப் போகவேண்டும் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள் இல்லையா? ஒரு ஏஜென்ட், "வர்த்தக ஒப்பந்தம் வந்தாச்சும்மா, இனிமே நர்ஸுங்களுக்குப் பரீட்சையே கிடையாது" என்று சொல்லி 40,000 ரூபாய் வாங்கிக்கொண்டான். அடுத்த மாதம் போய்ப் பார்த்தால் ஆபீஸ் பூட்டியிருக்கிறது. அவள் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த இந்தியா-பிரிட்டன் ஒப்பந்தத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று நானே படிக்க உட்கார்ந்துவிட்டேன். ராணிப்பேட்டையில் 26 வருஷம் ஷூ ஏற்றுமதிக்குப் பேப்பர் போட்டவளுக்கு இது படிக்க வராதா? 2025 ஜூலை 24 அன்று பிரிட்டனில் கையெழுத்தானது. நம் தோல், ஷூ சரக்குக்கு அங்கே 16 சதவீதம் வரை இருந்த வரியை எடுத்துவிடுகிறார்கள். படித்ததும் மனசு நிறைந்துபோனது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று எத்தனை வீட்டு அடுப்பு அந்த ஷூவை நம்பி எரிகிறது, உனக்குத் தெரியாததா!

அப்புறம்தான் சேவைப் பகுதிக்கு வந்தேன். 1995-ல் உலக வர்த்தக அமைப்பின் சேவை ஒப்பந்தம் அமலுக்கு வந்தது முதல், சேவை எல்லை தாண்டுவதை நாலு வழியாகப் பிரிக்கிறார்கள். படிக்கப் படிக்க எனக்கு நம் ஊர்தான் கண்ணில் நின்றது. எதிர்வீட்டுப் பையன் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கு பில் போடுகிறானே, அது முதல் வழி. பங்களாதேஷிலிருந்து வைத்தியத்துக்கு வந்து காந்தி ரோடு லாட்ஜுகளில் தங்குகிறவர்கள் இரண்டாவது. வெளிநாட்டு இன்சூரன்ஸ் கம்பெனி இங்கே கிளை திறந்தால் மூன்றாவது. ஆளே நேரில் போய் வேலை செய்வது நாலாவது. பணக்கார நாடுகள் நம்மிடம் மூன்றாவதைத்தான் விடாமல் கேட்கின்றன. நாம் நாலாவதைக் கேட்டால், அது விசா சமாச்சாரம், வேறு இலாகா என்கிறார்கள்.

அந்த நாலாவதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது, மல்லி. வேறொரு நாட்டின் வேலைச் சந்தைக்குள் நுழையப் பார்ப்பவர்களுக்கு இது பொருந்தாது என்று 1995 ஒப்பந்தத்தின் பின்னிணைப்பிலேயே எழுதிவிட்டார்கள். நம் கம்பெனி அனுப்பி, நம் கம்பெனி சம்பளத்தில் போய்வரும் சாஃப்ட்வேர்க்காரர் செய்வது சேவை. அங்குள்ள ஆஸ்பத்திரியில் சம்பளத்துக்குச் சேரும் நர்ஸ் அந்தக் கணக்கிலேயே வரமாட்டாள். ஆறு வருஷமாக நம் கவிதா ஐசியுவில் ராத்திரி பகல் பார்க்காமல் நிற்கிறாளே, அது சேவை இல்லையென்றால் வேறு எதுடி சேவை?

பிரிட்டன் ஒப்பந்தத்தோடு போட்ட தனி ஏற்பாட்டில், கம்பெனி அனுப்பும் ஆட்களுக்கு ஒரு குறிப்பிட்ட காலம் வரை அங்கே சமூகப் பாதுகாப்புச் சந்தாவிலிருந்து, அதாவது பென்ஷன் மாதிரி விஷயங்களுக்குச் சம்பளத்தில் பிடிக்கிற பணத்திலிருந்து, விலக்கு. சமையல்காரர், யோகா ஆசிரியர், சாஸ்திரிய சங்கீதக்காரர் எல்லாம் சேர்ந்து வருஷத்துக்கு 1,800 பேர் போகலாம். நல்லதுதான், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நர்ஸுக்குப் பரீட்சை இல்லை என்று ஏஜென்ட் சொன்னது சுத்தப் பொய். கையெழுத்துக்கு இரண்டு நாள் முன்னால், ஜூலை 22-ல், முதியோர் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதையே பிரிட்டன் நிறுத்தியும்விட்டது.

பரீட்சை வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. உயிரோடு சம்பந்தப்பட்ட வேலை, இருக்கட்டும். ஆனால் 1946-லேயே பி.எஸ்சி. நர்சிங் தொடங்கிய ஊர் இது. இங்கே நாலு வருஷம் படித்த படிப்புக்கு ஒரு மதிப்பை அந்தப் பேச்சுவார்த்தை மேஜையிலேயே கேட்டு வாங்கியிருக்க வேண்டாமா? சிங்கப்பூரோடு 2018-ல் நர்சிங் படிப்பை ஒருவருக்கொருவர் அங்கீகரிக்க ஒப்பந்தம் போட்டோமே. ஒப்பந்தத்தில் நர்ஸ் என்று எழுதினால் மட்டும் போதாது என்பதும் தெரிகிறது. ஜப்பான் 2008-ல் இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் நர்ஸுகளுக்கு இடம் கொடுத்தது, பரீட்சையோ ஜப்பானிய மொழியில். 2010-ல் எழுதிய 254 பேரில் தேறியவர்கள் மூன்றே பேர்!

நர்ஸுகள் எல்லோரும் போய்விட்டால் நம்மை யார் பார்ப்பது என்று கமலா கேட்டாள். கேள்வி நியாயம்தான், என்னிடம் பதில் இல்லை. இங்கே கவிதாவுக்குக் கிடைக்கும் சம்பளத்தைப் பார்க்கும்போது, இரு என்று சொல்ல வாய் வரவில்லை.

கவிதா விடுவதாக இல்லை. ஐஈஎல்டிஎஸ் என்கிற ஆங்கிலத் தேர்வு எழுதப்போகிறாள். மூன்று பகுதியில் 7, எழுத்தில் 6.5 வேண்டும். அப்புறம் இங்கே கம்ப்யூட்டர் பரீட்சை, அங்கே போய்ச் செய்முறைப் பரீட்சை. அடுத்த மாதம் 14-ம் தேதி சென்னையில் தேர்வு, முதல் நாள் ராத்திரி உன் வீட்டில்தான் தங்குவாள். பாகற்காய் மட்டும் சமைத்துவிடாதே. தண்ணீர் டேங்க் கதையையும் தேர்வு முடிகிறவரை சொல்லாதே, சிரித்துச் சிரித்துத் தூங்கமாட்டாள்.

உன்,
சாந்தி