கடன்பட்ட பெண்களும் வாக்குகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இதழில், கம்பனிகள் எங்களைப் போன்ற பெண்களுக்குக் கொடுக்கும் சிறு கடனான நுண்கடன் பற்றிய கட்டுரையில், 'யார் கடனைத் தள்ளுபடி செய்வார் என்று பார்த்தே கிராமத்துப் பெண்கள் வாக்களிக்கிறார்கள்' என்று இருந்தது. வாசித்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

2018இல் நிதியமைச்சர் மங்கள சமரவீர, வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்களின் ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தது தாங்கள் அறியாததல்ல. மூன்று மாதம் தவணை தவறியிருந்தால்தான் அது கிடைக்கும். நாங்கள் தோட்டை அடகு வைத்தும், இன்னொரு கம்பனியில் கடன் எடுத்தும் தவறாமல் கட்டிக்கொண்டிருந்தவர்கள். எங்களுக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட எங்களையா வாக்கை விற்றவர்கள் என்கிறீர்கள்?

யுத்தம் முடிந்து ஊருக்குத் திரும்பிய கையோடு எங்களைத் தேடி வந்தவை இந்த நுண்கடன் கம்பனிகள்தான். பெண்களைக் குழுவாகச் சேர்த்துத்தான் கடன் கொடுப்பார்கள். குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். ஒருநாள் எங்கள் குழுவில் ஒருத்தியிடம் தவணைக் காசு இல்லை. கம்பனிப் பொடியன் அவள் முற்றத்தில் கதிரையைப் போட்டு, விளக்கு வைக்கும் நேரம் வரை எழும்பவில்லை. எங்களையும் வீட்டுக்குப் போக விடவில்லை. பசியில் பிள்ளைகள் படலையடியில் வந்து நின்றார்கள். கடைசியில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டினோம். அப்புறம் அவள் எங்கள் முகத்தைப் பார்ப்பதே இல்லை.

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமாக ஒன்றுசேர்ந்து பிரதேச செயலகத்துக்குப் போய் றோட்டுக்கும் தண்ணீருக்கும் காணிக்கும் மனுக் கொடுத்த பெண்கள் நாங்கள். இன்று கூட்டம் வைத்தால் ஆள் சேராது. வந்தால் கடன் பாக்கியைப் பற்றிக் கதை வரும் என்ற பயம். நுண்கடன் செய்த அரசியல் இதுதான். கட்டுரையில் இதற்கு ஒரு வரி இல்லை.

2021 மார்ச்சில் பொலன்னறுவை ஹிங்குராக்கொடையில் பெண்கள் கடனுக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அப்போது தேர்தல் எதுவும் இல்லை. அது ஏன் உங்கள் எழுத்தாளரின் கண்ணில் படவில்லை? 2018இல் இங்கே வந்த ஐ.நா. நிபுணர் பொஹொஸ்லாவ்ஸ்கி, நுண்கடன் வட்டி 220 சதவீதம் வரை போனதைச் சொன்னாரே, அதையாவது போட்டிருக்கலாம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். 2016ஆம் ஆண்டின் நுண்நிதிச் சட்டத்தின் கீழ் மத்திய வங்கி அனுமதித்த கம்பனிகளின் பெயர்களை, மாதம் ஒருமுறை தமிழில் தெளிவாகப் பிரசுரியுங்கள். அனுமதி உள்ளவை எவை என்று எங்கள் பெண்களுக்குத் தெரிய, வெட்டியெடுத்துச் சங்கக் கட்டடச் சுவரில் ஒட்டிவிடுகிறேன்.

வாசகி,
கிளிநொச்சி