இரண்டாம் தவணை முடிவில் பெற்றோருக்கு ஒரு மடல்

அன்பார்ந்த பெற்றோருக்கு,

வணக்கம். எமது ஸ்காபரோ வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் இரண்டாம் தவணை நிறைவடைகிறது. பேச்சுப் போட்டியிலும் எழுத்துப் போட்டியிலும் பிள்ளைகள் நன்றாகச் செய்தார்கள். பொங்கல் விழாவும் சிறப்பாக நடந்தது. உழைத்த அனைவருக்கும் நன்றி.

இத்தவணையில் உங்களில் சிலர் என்னிடம் ஒரே வேண்டுகோளோடு வந்தீர்கள். பிள்ளை நீச்சல் பயிற்சியிலேயே நேரத்தைக் கழிப்பதாகவும், அதை விட்டுவிட்டுப் படிக்கும்படி நாங்களாவது சொல்ல வேண்டும் என்றும் கேட்டீர்கள். படிப்பு ஒன்றையே பற்றிக்கொண்டு இந்த நாட்டில் தலைநிமிர்ந்தவர்கள் நாம் என்பதால் உங்கள் கவலை எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆயினும் அந்த வார்த்தையை நானோ எம் ஆசிரியர்களோ சொல்லமாட்டோம்.

நம் ஊர் பான் ஆம் விளையாட்டு மையத் தடாகத்தில் பயிற்சி பெற்றவர் கனேடிய நீச்சல் வீராங்கனை பென்னி ஒலெக்சியாக். ஒன்பது வயதில்தான் முறையாக நீந்தத் தொடங்கிய அவர், 2016இல் தமது 16ஆவது வயதில், ரியோ ஒலிம்பிக் 100 மீட்டர் பிரீஸ்டைல் இறுதிப் போட்டியில் பாதித் தூரத்தில் ஏழாவதாகத் திரும்பி, 52.70 வினாடிகளில் சுவரைத் தொட்டு, அமெரிக்காவின் சிமோன் மானுவேலுடன் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டார். 2021இல் டோக்கியோவில் அவருடைய ஒலிம்பிக் பதக்கங்கள் ஏழாயின. அப்போது, நீச்சலால் எங்கும் போய்ச் சேரமுடியாது, படிப்பைக் கவனி என்று உயர்நிலைப் பள்ளியில் தமக்குச் சொன்ன ஆசிரியருக்கு அவர் எல்லோரும் அறிய நன்றி தெரிவித்தார். அந்த நன்றி என்னைச் சுட்டது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவியிடம் நானும் அதையே சொன்னேன். மறுவாரமே அவள் பயிற்சியை நிறுத்திவிட்டாள்.

எல்லாப் பிள்ளைகளும் பதக்கம் வெல்லப்போவதில்லை. டோக்கியோவில் அதே 100 மீட்டரை ஒலெக்சியாக் 52.59 வினாடிகளில், அதாவது ரியோவில் தங்கம் வென்றதைவிட விரைவாக நீந்தியும், நான்காவதாகவே வந்தார். முன்னேறிய பிள்ளையும் இடத்தில் பின்தங்கக்கூடும் என்பதால், வகுப்பில் ஓரிடம் இறங்கியதற்காக நீச்சலைத் தண்டனையாகப் பறிப்பதை நான் வன்மையாக மறுக்கிறேன். இத்தவணையில் அவ்வாறு நடந்திருக்கிறது. இனி அதற்கு எம் மதிப்பெண் அறிக்கையைக் காரணம் காட்ட வேண்டாம்.

சனிக்கிழமைக் காலைப் பயிற்சி உள்ளவர்கள் முன்கூட்டியே அறிவித்தால் தாமதமாக வரலாம். விடுபட்ட பாடத்தை ஆசிரியர் தனியே சொல்லிக்கொடுப்பார். பனி கொட்டும் விடியலில் பிள்ளையைத் தடாகத்தில் இறக்கிவிட்டு, ஈரத்தலை உலருமுன் எம் வாசலுக்கும் அழைத்துவரும் பெற்றோருக்கு என் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்